வெலிமடைக்குப் போன தொப்பி

பதுளை
21 ஜனவரி 1928

அன்பு மகன் லத்தீபுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் தங்கச்சி ஸவாஹிராவும் நல்ல சுகம். சிங்கப்பூர் வெயிலில் நீயும் அப்படியே இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குக் கோபமும் கொஞ்சம் காரணம். வாப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாயே, அதை உன் உம்மா நாலு தரம் வாசிக்கச் சொன்னாள். கடைசியில், கையிலிருக்கும் வேலை தோற்றால் பட்டறைச் சாவியை அவள் கையிலேயே தந்துவிட்டுக் கப்பலேறுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வேலை என்னவென்றால், தெமோதரைத் தோட்டத்து ஸ்டோரில் ஒன்பது வருஷம் தூங்கிய ஓர் உழவு மெஷின், டிராக்டர் என்கிறார்கள். வெலிமடையில் காய்கறி போடும் துரை ஒருவர் அதை வாங்கி, மாடு பூட்டி இழுத்துவந்து என் வாசலில் விட்டார். எங்கே தொட்டாலும் ஒழுகல். முன்னால் தண்ணீர், நடுவில் மண்ணெண்ணெய், பின்னால் எண்ணெய். கொழும்பிலிருந்து வந்து பார்த்த ஆள் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனானாம். தண்ணீர்த் தொட்டிக்கு ஈயம் பற்றவைத்தேன், மண்ணெண்ணெய்க் குழாயின் திருகைத் தேய்த்துப் பொருத்தினேன், அதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? பின்சக்கரத்து அச்சு பல்சக்கரப் பெட்டியைவிட்டு வெளியே வரும் இடம்தான் பாடாய்ப் படுத்தியது. அங்கே புதுத் தோல் வளையம் வெட்டிப் போட்டேன். மெஷின் எண்ணெயை வீணாக்குவானேன் என்று பொழுது சாயும் நேரத்தில் தேங்காயெண்ணெயை ஊற்றி, அடியில் காகிதம் விரித்துவைத்தேன். விடிகாலை ஸுபஹ் தொழுதுவிட்டுப் பார்த்தால் காகிதம் காய்ந்து கிடக்கிறது. உடனே துரையின் கணக்கப்பிள்ளை வடிவேலிடம், ஒழுகல் நின்றுபோச்சு, துரையை வந்து பார்க்கச் சொல்லுங்க என்று சொல்லியனுப்பினேன்.

துரை பத்து மணிக்கு வந்தார். மெஷினை முடுக்கிக் கால் மணி ஆகியிருக்கும், பெட்டி சூடேறியது, பெருகத் தொடங்கியது எண்ணெய். துரையின் சப்பாத்துவரை தேங்காயெண்ணெய்! குளிர்ந்த இரும்பில் பட்டு உள்ளே உறைந்து கிடந்ததை, ஒழுகல் நின்றதென்று நம்பியிருக்கிறேன். தினம் உங்க தலைக்கு எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வெச்சு உருக்கித்தானே தாறேன், அது கூடவா மறந்துபோச்சு என்று உன் உம்மா கேட்டாள். கேட்டுவிட்டுச் சாவியை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மகன். துரை சனிக்கிழமைவரை தவணை தந்தார், அதற்குமேல் கிடையாது என்றார்.

தோல் சூட்டில் சுருங்குகிறது, அங்கே வேண்டியது அழுத்தமான கம்பளி. கொழும்புக்கு எழுதினால் வந்துசேரப் பத்து நாள். அப்போதுதான் போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீ அனுப்பிய துருக்கித் தொப்பி கண்ணில் பட்டது. விரலால் அழுத்திப் பார்த்தேன், என்ன அருமையான கம்பளி! உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, புள்ள அனுப்பினதையா வெட்டப் போறீங்க என்று அழுதேவிட்டாள். புள்ள அனுப்பினதுதான் வாப்பாட மானத்தைக் காக்கும், விடு என்று சொல்லிக் கத்தரியை வைத்தேன். எனக்கும் மனசு கேட்கவில்லைதான், ஒளிப்பானேன். இரண்டு வளையம் வெட்டி, மெஷின் எண்ணெயில் ஊறவைத்துப் போட்டு முடுக்கினேன்.

போன சனிக்கிழமை நானும் வடிவேலும் மேலே உட்கார, மெஷின் வெலிமடை ஏற்றத்தைத் தானே ஏறியது. அங்கே சூடு ஆறுமுன் துரை குனிந்து, தன் வெள்ளைக் கைலேஞ்சியால் அச்சைச் சுற்றித் துடைத்தார். வெள்ளையாகவே வந்தது. பெரகலயில் இன்னொரு மெஷின் இப்படியே கிடக்கிறதாம், அதையும் என்னிடமே அனுப்பச் சொல்லிவிட்டார். ஆகையால் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, நாங்கள் கப்பலேறவில்லை. கண் மங்கியது உண்மைதான் மகன், விரல் மங்கவில்லை.

நேற்று ஜும்ஆவுக்குத் தலையில் கைலேஞ்சி கட்டிக்கொண்டு போனேன். புதுத் தொப்பி எங்கே என்று கடைக்கார ஸஹாப்தீன் கேட்டார். வெலிமடையில் உழுதுகொண்டிருக்கிறது என்றேன்.

ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் உண்ண உடுக்கக் குறையாத ரிஸ்க்கும் தருவானாக. நோன்பு வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள். பெருநாளைக்குத் தொப்பி அனுப்புவதானால் இரண்டாக அனுப்பு. ஒன்று தலைக்கு.

உன் வாப்பா,
இத்ரூஸ்