இடைவேளைக்கு முன்பே வந்த சுபம்

காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் என் கட்டுரைத் தொகுப்பின் மெய்ப்புத் தாள்கள் கிடக்கின்றன. காற்றில் பறக்காமலிருக்க அவற்றின்மேல் நீ தந்த பிலிம் பெட்டியின் தகர மூடியை வைத்திருக்கிறேன். முகர்ந்தால் பழைய பிலிமின் புளித்த வாடை இன்னும் இருக்கிறது. மூடியில் 14 என்று இருந்ததை அடித்துவிட்டுச் சிவப்புப் பெயின்டால் 7 என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தைந்து ஆண்டுகளாக அது என் கண்முன்னே இருந்தது. ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. படித்தவன் என்று பெயர்.

மாலைக்குள் மெய்ப்பு போயாக வேண்டும். தொகுப்பின் முதல் கட்டுரை உனக்குத் தெரிந்ததுதான். குளச்சலில் நீ ஆபரேட்டராக இருந்த தியேட்டரில் மறுபடி ஓடிய அந்த அறுபதுகளின் காதல் நகைச்சுவைப் படத்தைப் பற்றியது. என்னை எழுத்தாளன் என்று நாலு பேர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

பெரிய படம் ஒன்றுமில்லை. கதாநாயகன் தன்னைப் பறவை ஆராய்ச்சியாளன் என்று சொல்லிக்கொண்டு காதலியின் வீட்டு மாடியில் குடியேறுவான். அவனுக்குத் தெரிந்த ஒரே பறவை காக்கை. கன்னத்தில் மச்சம் ஒட்டிக்கொண்டால் பெற்ற தகப்பனுக்கும் அவனை அடையாளம் தெரியாது. கதாநாயகியின் கொண்டைக்காகவே வாசல்களை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். ஆனாலும் ஒரு குடைக்காக இருவரும் சண்டை போட்டு, கடைசியில் இருவருமே நனைகிற காட்சியில் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

நான் பார்த்தபோது இடைவேளைக்கு முன்பே ஒரு மாட்டுவண்டித் துரத்தல், கல்யாணம் எல்லாம் முடிந்து 'சுபம்' போட்டுவிட்டார்கள். பிறகுதான் பொய் வெளிப்பட்டது. அவள் ரயிலேறிப் போனாள், அவன் பிளாட்பாரத்தில் நின்றான், தியேட்டரில் விளக்கு எரிந்தது. மகிழ்ச்சியை நடுவில் வைத்து அதையே கேள்விக்குள்ளாக்கிய இயக்குநர் என்று எழுதினேன். இரண்டாம் பாதியில் அவள் கழுத்தில் தாலி இல்லாததை மரபு மறுப்பு என்று விளக்கினேன். ஐரோப்பாவையும் இரண்டு இடத்தில் இழுத்திருந்தேன்.

சிறுபத்திரிகைக்கு அனுப்புமுன், ஒரு சனிக்கிழமை வடசேரியில் பஸ் ஏறி வந்து, உன் ஆபரேட்டர் அறையில் வாசித்துக் காட்டினேன். மெஷின் விளக்கின் கார்பன் குச்சியை மாற்றிக்கொண்டே கேட்டாய்.

"ஏலே மக்கா, சுபத்தப் பத்தியும் எழுதியிருக்கியா?"

"அதுதானல முக்கியம்."

"தாலி இல்லாததையும் கண்டியா?"

"மூணாம் பக்கத்துல இருக்கு."

"அப்பம் செரி. நீ படிச்சவம்லா, செரியாத்தான் இருக்கும்."

முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டாய். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன். படம் தியேட்டரை விட்டுப் போன வாரம் இந்த மூடியைத் தந்தாய். "வச்சுக்கடே. ஒருநாள் ஒதவும்."

இன்று காலை, படத்தில் வரும் ஒரு பறவையின் பெயரைச் சரிபார்க்கக் கைபேசியில் தேடினேன். யாரோ முழுப்படத்தையும் ஏற்றியிருந்தார்கள். ரயில் போனதும் படம் முடியவில்லை. இடைவேளைக்கு முன் நான் பார்த்த அதே மாட்டுவண்டியில் அவன் ரயிலைத் துரத்தினான். பிடித்தும் விட்டான். மன்னிப்பு, தாலி, சுபம். இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், இரண்டு முறையும் கல்யாணம் கடைசியில்தான் நடந்தது. டீ ஆறிப்போனது. முற்றத்துக்கும் மேசைக்குமாக நடந்தேன். பிறகு உன் வீட்டுக்காரிக்குப் போன் செய்து, அந்தக் கல்யாணம் முன்னால் வந்தது எப்படி என்று கேட்டேன்.

"அய்யோ அண்ணே, இப்பமா கேக்கிய?" என்று சிரித்தாள். நீ போன இந்த நாலு மாதத்தில் அவள் சிரித்து இன்றுதான் கேட்டேன். "நாங்க மீன் விக்கப் போற பொம்பளைய. நாலு மணிக்கு வள்ளம் கரைக்கு வந்திரும், ஏலத்துக்குப் போவாண்டாமா? மேட்னி பாத்தா இடவேளையோட எந்திச்சு ஓடணும். ஒரு படத்துலயும் நாங்க கல்யாணம் கண்டதில்ல. ஒருநாள் வாசல்ல வச்சு அவருகிட்ட நானாக்கும் கேட்டேன், எங்களுக்கு ஒரு தாலிகெட்டு காட்டப்பிடாதான்னு. மறுநாளே கடசி ரீல முன்னால போட்டுட்டாரு."

"ஆம்பளைங்க யாரும் கேக்கலியா?"

"அவங்க எங்க பாத்தாங்க? ஃபேனுக்கடியில ஒறங்கத்தான் வருவாங்க. ஞாயித்துக்கெழம கடலுக்குப் போவமாட்டாங்கல்லா, அன்னைக்கு மட்டும் செரியா ஓடும். நீங்க சனிக்கெழமையில்லா வருவிய."

"எங்கிட்ட ஏன் சொல்லல அவன்?"

"சொல்லத்தான் இருந்தாரு. அதுக்குள்ள பத்திரிகையில வந்துட்டு. அத மடிச்சுப் பாக்கெட்டுல வச்சிட்டு அலைஞ்சாரு. எனக்க படத்தப் பத்தி எழுதியிருக்கான்னு கடப்புறம் முழுக்கக் காட்டினாரு."

எனக்க படம். அவளை நீ எப்படிக் கண்டுபிடித்துக் கட்டினாய் என்று நான் கேட்டதேயில்லை. திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். காதல் கதை எனக்குப் பின்னால், சுவரிலிருந்த உன் சதுர ஓட்டைக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. விமர்சகன் அதைக் கவனிக்கவில்லை.

பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கட்டுரையை எடுத்துவிட்டால் என் மானம் தப்பும். ஆனால் உன் படத்துக்கு வந்த ஒரே விமர்சனம் போய்விடும். வைத்தால், கைபேசி உள்ள எவனும் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். மூடியைத் தூக்கி, பதினாலாவது ரீலை ஏழாவதாக்கிய அந்தச் சிவப்பு 7-ஐப் பார்த்தேன். ஒருநாள் உதவும் என்றாய்.

கட்டுரையின் அடியில் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டேன்: 'இயக்குநர் என்று வரும் இடங்களிலெல்லாம் குளச்சல் ஆபரேட்டர் என்று வாசிக்கவும்.'

தாலி பற்றிய பத்தியில் கைவைக்கவில்லை. உன் தோள் குலுங்கிய இடம் அது.