அந்தப் பேரை எழுதாதே

திருத்தணி,
8-8-1948, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் யோபுவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உன் நைனாவும் தங்கை பிரேமகுமாரியும் சுகமாயிருக்கிறோம், என் வேலை போனது ஒன்று நீங்கலாக. பம்பாயில் மழை விடாமல் கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய், குடை வாங்கினாயா இல்லையா என்று எழுதவில்லை, ஈரத் தலையோடு தூங்காதே, உனக்குச் சின்ன வயசிலிருந்தே சளி. இங்கே ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இப்போதுதான் கலைந்தது, காவடிக்காரர்கள் நெரிசலில் உன் நைனா மூன்று நாள் ரயில் படியில் தொங்கிக்கொண்டுதான் அரக்கோணம் என்ஜின் ஷெட்டு வேலைக்குப் போய் வந்தார், இந்த வயசில் இது தேவையா என்று கேட்டால் சிரிக்கிறார். பிரேமகுமாரி டீச்சர் டிரெயினிங் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள், அதுவரை வீட்டில் எனக்கே பாடம் நடத்துகிறாள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் தரம் படித்தபோது அழுகை வந்தது, இரண்டாம் தரம் கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் கடலைக் கம்பெனி மானேஜர் பக்தவச்சலம் உனக்கே கடிதம் போட்டிருக்கிறார், மனுவில் சொல்லியிருக்கிற பெண் யார் என்று எழுதினால் முதலாளியின் மைத்துனர் கிடங்கில் உன் குமாஸ்தா வேலை நிலைக்கும், எழுதாவிட்டால் இந்த மாதத்தோடு சரி என்று. நீயும், ஒரு பேர்தானே அம்மா, நீதான் போன மாதமே எனக்கு எழுதியிருக்கிறாயே, நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்கிறாய். போன கடிதத்தில் மனம் தாங்காமல் அவள் பேரை எழுதியது என் புத்திகெட்ட வேலை. இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். மானேஜர் உனக்கு அரைகுறையாய்ச் சொல்லியிருப்பார், நான் முழுக்கச் சொல்கிறேன், அதற்குப் பிறகு கேள் ஒரு பேர்தானே என்று.

கடலைக் கம்பெனியில் சாயங்காலம் சங்கு ஊதியதும் நாங்கள் நாற்பத்திரண்டு பெண்களும் கேட்டில் வரிசையாய் நிற்கவேண்டும், மடியில் கடலை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. முன்பு ஜெயம்மா பார்ப்பாள், முந்தானையை உதறிக் காட்டினால் போ என்று விடுவாள். அவளுக்குக் கண் மங்கி நின்றுபோன பிறகு நாலு வருஷமாய்க் கண்ணையன் மேஸ்திரி. அவன் கண்ணால் பார்க்கிறவன் இல்லை, கையால் பார்க்கிறவன். சிலரை மட்டும் தனியாகச் சோதிக்கவேண்டும் என்று எடைக் கொட்டகைக்குள் கூப்பிடுவான். அப்படி ஒரு நாள் உள்ளே போய் வந்த பெண்தான் குழாயடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள், வேறு யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் நாலைந்து பேர் மானேஜரிடம் போய்ப் பேர் சொல்லாமல் பொதுவாகச் சொன்னோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு, 'இத்தினி நாளு இல்லாத மானம் இன்னிக்கி எங்கேர்ந்து வந்துச்சி? கடலைய மடியில கட்டிகினு போவீங்க, அவன் பாத்துகினு நிக்கணுமா?' என்று கேட்டார். அன்றைக்கே வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். கேட்டில் பெண்களைச் சோதிக்கப் பெண்ணைப் போடவேண்டும், எங்களில் ஒருத்திக்குக் கொட்டகையில் நடந்தது இன்னது, இவ்வளவுதான். நாற்பத்திரண்டு பேரும் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார்கள், கையெழுத்துப் போடத் தெரிந்த நானும் சுலோச்சனாவும்கூட விரல்தான் வைத்தோம். உன் நைனா அதைச் சர்க்கார் தொழிலாளர் ஆபீசுக்கு அரக்கோணத்தில் தபாலில் போட்டார்.

சர்க்கார் ஆபீசில் என்ன செய்தார்கள் தெரியுமா, அதே மனுவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பி விளக்கம் கேட்டுவிட்டார்கள். அடித்தவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தால் பிறகு யார் புகார் சொல்வார்கள்? இதில் என் தப்பும் ஒன்று உண்டு. எழுத்தைக் கோணலாய் மாற்றித்தான் எழுதினேன், ஆனால் தலைப்பில் மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் பழக்க தோஷத்தால் சின்னதாய் ஒரு சிலுவை போட்டுவிட்டேன். எழுதத் தெரிந்த வேதக்காரி கம்பெனியில் நான் ஒருத்திதான். மானேஜர் கூப்பிட்டு அதன் மேல் விரலை வைத்து, 'இன்னா தேவசுந்தரி, ஒன் சாமியே ஒன்னக் காட்டிக் குடுத்துட்டாரே' என்று சிரித்தார். காட்டிக் குடுக்கலீங்க, கூட நிக்கிறாருங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நிமிஷமே வேலை போயிற்று.

அதோடு விடவில்லை. அந்தப் பெண் யார் என்று தெரியவேண்டும் அவர்களுக்கு. கண்ணையனைக் கேட்டால் அவனுக்கே தெரியவில்லை, அத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறான் பாவி. மனுவில் முதலில் இருக்கிற ரேகை அவளுடையதாய்த்தான் இருக்கும் என்று எல்லோரையும் நிற்கவைத்து மறுபடி விரல் ஒற்றி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்களாம். வருஷக்கணக்கில் கடலை உடைக்கிற கட்டைவிரலில் ரேகை ஏது? தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது, நாற்பத்திரண்டும் ஒரே மைக்கறை. அதற்குப் பிறகுதான் உனக்குக் கடிதம் வந்தது, இப்போது புரிகிறதா? அவள் பேர் கிடைத்தால் கடலை திருடினாள் என்று கேசு போடத் தயாராய் இருக்கிறார்கள். அவள் புருஷன் குணம் எனக்குத் தெரியும், கைக்குழந்தையோடு வெளியே தள்ளிவிடுவான். மலையில் படி ஏறுகிற ஜனங்களிடம் கையேந்திக்கொண்டு அவள் உட்காரவேண்டும், நீ பம்பாயில் குமாஸ்தாவாய் இருக்கவேண்டும், அப்படித்தானே?

நாங்கள் பயந்துபோய் மூலையில் கிடக்கிறோம் என்று நினைத்துவிடாதே. என்னை நிறுத்திய மறுநாளிலிருந்து ஒருத்தியும் கண்ணையன் எதிரில் வரிசையில் நிற்பதில்லை. சங்கு ஊதியதும் கேட்டுக்கு உள்ளேயே உட்கார்ந்து முந்தானையைத் தரையில் விரித்து, 'பாத்துக்கோ, கண்ணால பாத்துக்கோ, கிட்ட வராத' என்கிறார்கள். நான் வெளியே புளியமரத்தடியில் நின்று ஒவ்வொருத்தியும் வெளியே வரும்வரை பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன். வருகிற ஞாயிறு சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகிறதென்று கம்பெனியில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுக்கப்போகிறார்களாம். அந்த மிட்டாயை ஒருத்தியும் தொடமாட்டாள்.

முதல் காரியமாக என் போன மாதக் கடிதத்தை அடுப்பில் போடு. வேலை போனால் போகட்டும், ரயில் ஏறி வா, உன் நைனா ஷெட்டில் சொல்லி வைத்திருக்கிறார், கூலி வேலை செய்தாவது சாப்பிடலாம். மானேஜருக்குப் பதில் எழுதாமல் இருக்காதே, பயந்துவிட்டாய் என்று நினைப்பார். அந்தப் பெண் யார் என்று கேட்டிருக்கிறார் அல்லவா, ஒரே பேர் எழுது. என் அம்மா தேவசுந்தரி என்று எழுது. அது பொய்யும் ஆகாது மகனே. கண்ணையன் கேட்டுக்கு வந்த முதல் மாதமே என்னையும் கொட்டகைக்குள் கூப்பிட்டான். அப்போது உன்னைப் பம்பாய்க்கு அனுப்பும் சிபாரிசுக் கடிதம் முதலாளி மேசை மேல் கையெழுத்துக்குக் கிடந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன். நான் மூடிய வாயால்தான் அவன் கை அந்தப் பெண் வரைக்கும் வந்தது. இன்று கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போது உன் நைனாவிடம் சொன்னேன், நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார், பிறகு என் கையிலிருந்த வேதப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் என் பக்கத்திலேயே நடந்தார். உனக்காக ஒரு தரம் பேசாமல் இருந்தேன், இன்னொரு தரம் முடியாது.

கர்த்தர் உன்னையும் உன் வாயின் வார்த்தையையும் காப்பாராக. வேளாவேளைக்குச் சாப்பிடு, குடை வாங்கு, பதிலை இன்றே எழுது.

இப்படிக்கு,
பேரை மறைக்காத உன் அம்மா,
தேவசுந்தரி ஜெயபால்.