இலையில் வைக்காத பீடிக்கட்டு

அன்புள்ள அத்தான்,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க இன்றைக்கு மனம் வரவில்லை. நேற்று உங்கள் வருஷ நினைவுக்குப் படையல் போட்டேன். மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும் வைத்தேன். தம்பானூர் ஓட்டலில் உங்களோடு புரோட்டா மாஸ்டராக வேலை பார்த்த செல்வராஜ் வந்திருந்தார். உங்களுக்குப் பிடிக்குமே என்று ஒரு பீடிக்கட்டை இலையோரம் வைத்தார். வைத்த கையோடு, "ஆசுபத்திரியிலேயே நான்தானே மைனி கொண்டு குடுத்தேன். நீங்க கஞ்சி வாங்கப் போவீங்கல்லா, அப்பம் சன்னல் வழியா நீட்டுவேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அத்தான்.

கிழக்கேகோட்டையில் பஸ் சக்கரம் உங்கள் இடது குதிகாலில் ஏறி, சதை போய் எலும்பு தெரிந்ததே. டாக்டர் உங்கள் வலது தொடைச் சதையை ஒரு பக்கம் ஒட்டியபடியே கிளப்பி, குதிகாலை அங்கே கொண்டுவந்து தைத்தார். புது இடத்தில் சதைக்கு ரத்தம் பிடித்த பிறகுதான் தொடையிலிருந்து பிரிப்பார்களாம். அதுவரை இரண்டு காலையும் சேர்த்து மாவுக்கட்டு. பாதிச் சம்மணத்தில் மாட்டிக்கொண்டவர் மாதிரி கிடந்தீர்கள். ஊட்டியதையும் அள்ளியதையும் சொல்லிக்காட்ட வரவில்லை.

"பீடி வலிக்கவே கூடாது, கேட்டோ. புகை போனா ரத்தக் குழாய் சுருங்கும், தைச்ச சதை செத்துப்போகும்" என்று அந்த மலையாளத்து டாக்டர் நம் இருவரிடமும்தானே சொன்னார்? போர்வையில் பீடி வாடை அடித்தபோது கேட்டேன். "பக்கத்துக் கட்டில்காரன் வலிக்கான், தங்கம்" என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தீர்கள்.

சதை கறுத்தது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "ஆளு பீடி வலிச்சோ?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் விட்டேனா? "தைக்கத் தெரியாமத் தச்சுப்போட்டு எங்க வீட்டுக்காரரு மேல பழியப் போடுதீரா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் அடுத்த கட்டிலைப் பார்க்கப் போய்விட்டார். கட்டிலில் கிடந்த உங்களுக்கும் அது கேட்டிருக்குமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சீழ் பிடித்து, கணுக்காலுக்கு மேலே காலையே எடுத்தார்கள். கடைசிவரை பஸ் ஸ்டாண்டு வாசலில் உட்கார்ந்து லாட்டரிச் சீட்டு விற்றீர்கள். காலையில் கட்டைக்காலை மாட்டிவிடும்போதெல்லாம் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டேதான் மாட்டினேன். நீங்களும் "ஆமா, ஆமா" என்றீர்கள். கால் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இந்த ஆமாவைத் தாங்க முடியவில்லை.

ஆசையை அடக்க முடியவில்லை என்று சொல்லியிருந்தால் ஏசியிருப்பேன், அழுதிருப்பேன். விட்டுவிட்டா போயிருப்பேன்? என்னை என்னவென்று நினைத்தீர்கள்?

பீடிக்கட்டை இலையோரத்திலிருந்து எடுத்துவிட்டேன். "செத்த மனுசனுக்கு இனி எந்தச் சதை கறுக்கப் போவுது, மைனி?" என்றார் செல்வராஜ். சோறு போட்டுத்தான் அனுப்பினேன். முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த டாக்டர் இன்னும் அதே ஆசுபத்திரியில்தான் இருக்கிறாராம். திங்கட்கிழமை போகிறேன். கத்திய அதே வராந்தாவில் நின்று, அதே சத்தத்தில், "எங்க வீட்டுக்காரருதான் பீடி குடிச்சாரு" என்று சொல்வேன். இது சத்தியம். உங்கள் சத்தியம் மாதிரி இல்லை.

சொல்லிவிட்டு வந்து உங்களுக்கு இன்னொரு இலை போடுகிறேன். அந்தப் பீடிக்கட்டையும் வைக்கிறேன். இந்தத் தடவை என் கண் முன்னால் பிடியுங்கள்.

உங்களை நம்பியே வாழ்ந்த உங்கள் மாமன் மகள்,
தங்கம்