கதையில் வரும் பெண்ணைச் சாகடிக்கச் சொல்கிறார்கள்

அனுப்புநர்:
சவு. ஜீவரத்தினம், எம்.ஏ.,
ஆங்கில விரிவுரையாளர்,
குரோம்பேட்டை, சென்னை-44.

பெறுநர்:
வருவாய்க் கோட்டாட்சியரும் உட்கோட்ட நடுவருமான அவர்கள்,
செங்கற்பட்டு.

பொருள்: பம்மலில் தந்தையாலும் அண்ணனாலும் அடைத்துவைக்கப்பட்டு, கொலை மிரட்டலில் இருக்கும் ஜெயக்கொடி (வயது 22) என்பவரை உடனே மீட்கக் கோருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது நாற்பத்தெட்டு. பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒரு வார இதழில் பத்து மாதங்களாகத் தொடர்கதை எழுதி வருகிறேன். அது என் சொந்தக் கற்பனை அல்ல. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலப் பெண்மணி எழுதிய நாவலை நம் ஊருக்கு ஏற்ப மாற்றி எழுதுகிறேன். ஐந்து பெண்கள் உள்ள குடும்பம். அவர்களுக்கு மாப்பிள்ளை தேடி அலையும் தாய். கடைசிப் பெண் ஒரு படைவீரனுடன் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். மூலத்தில் ஆணும் பெண்ணும் பழகுவது நடன விருந்தில். நான் அதைத் திருநீர்மலைப் பங்குனித் திருவிழா ஆக்கினேன். படைவீரனைத் தாம்பரத்திற்கு விமானப்படைப் பயிற்சிக்கு வந்த இளைஞன் ஆக்கினேன். குடும்பத்தைப் பம்மலில் குடிவைத்தேன்.

2. கதைத் தலைப்பின் கீழ் 'ஆங்கில நாவலின் தழுவல்' என்று நான் எழுதித் தந்திருந்தேன். வாசகர்கள் தழுவலை விரும்புவதில்லை என்று இதழாசிரியர் அந்த வரியை எடுத்துவிட்டார்.

3. பம்மலில் நிலபுலன்களும் வாடகை வீடுகளும் உள்ள திரு. லோகநாதன் என்பவரின் இளைய மகள் ஜெயக்கொடி. குரோம்பேட்டையில் திரு. சுந்தர்சிங் நடத்தும் வாடகை நூலகத்தின் உறுப்பினர். வெள்ளிக்கிழமை தோறும் இதழை வாங்கிப் போய், எழுதப் படிக்கத் தெரியாத தன் தாய்க்கும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் என் தொடர்கதையை வாசித்துக்காட்டுவது அவர் வழக்கம். எனக்கும் அவருக்கும் பழக்கம் இல்லை. நூலகத்தில் இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன், அவ்வளவே.

4. சென்ற மாதக் கடைசி இதழில் கடைசிப் பெண் வீட்டைவிட்டுப் போகும் அத்தியாயம் வந்தது. அதை வாசித்துக்கொண்டிருந்த ஜெயக்கொடி பாதியில் இதழை மூடி, "இது வேணாம்மா" என்று எழுந்து போயிருக்கிறார். அந்த ஒரு செயலை வைத்து அவருடைய அண்ணன் துரைராஜ், கதை தன் தங்கையின் கதை என்றும், அதை எனக்குச் சொன்னது அவளே என்றும் முடிவு செய்துவிட்டார். ஜெயக்கொடி மனத்தில் யாரேனும் இருந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. அவர் வயது வந்தவர்.

5. அதே வாரத்தில் அக்குடும்பத்தின் மூத்த பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்த சம்பந்தத்தைப் பல்லாவரத்து மாப்பிள்ளை வீட்டார் முறித்துக்கொண்டு, தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களும் தொடர்கதை படிப்பவர்கள். தங்கை ஓடிப்போனால் அக்காளின் திருமணம் கெடும் என்பது மூலநாவலிலேயே இருக்கிறது. இங்கே யாரும் ஓடிப்போகவில்லை. நான் எழுதியதாலேயே திருமணம் கெட்டது.

6. 2.8.1987 ஞாயிறு காலை துரைராஜ் மூன்று பேருடன் நூலகத்திற்கு வந்து, என் கதை வந்த இதழ்களைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார். தடுத்த சுந்தர்சிங்கின் வலக்கையைக் கடையின் இரும்பு ஷட்டருக்கு அடியில் வைத்து அழுத்தி, ஷட்டரை இழுத்துவிட்டார்கள். அவருடைய மூன்று விரல்கள் நசுங்கின. அவற்றில் ஒன்றை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

7. அங்கிருந்து நேராக என் வீட்டிற்கு வந்தார்கள். கடப்பாரையால் சன்னல்களை உடைத்தார்கள். துரைராஜ் என் தலைமயிரைப் பற்றி வாசற்படிகளில் இழுத்துத் தெருவில் தள்ளினார். இது என் கதையே அல்ல, கதையில் உள்ள குடும்பத்தில் ஆண்பிள்ளையே கிடையாது, வேண்டுமானால் பாருங்கள் என்று சொன்னேன். அதற்கு அவர், "அஞ்சும் பொண்ணு, புள்ளயே இல்லன்னு எழுதிகீற. அப்போ நாங்கல்லாம் இன்னா செத்தா பூட்டோம்?" என்று கேட்டு என் வாயில் குத்தினார். முன்பற்கள் இரண்டு போயின. பிறகு இதழிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து என் வாயில் திணித்து, "எழுதினல்ல, துன்னு" என்றார். நான் விழுங்கும்வரை என் தாடையை விடவில்லை. தெருவார் பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்சி சொல்ல யாரும் முன்வரவில்லை.

8. என் வீட்டிலும் லோகநாதன் வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் சரசு என்பவர் மறுநாள் சொல்லித்தான் ஜெயக்கொடியின் நிலை தெரிந்தது. பெல்ட்டால் அடித்திருக்கிறார்கள். கூந்தலை வெட்டிவிட்டார்கள். இரண்டு பாதங்களிலும் காய்ச்சிய கரண்டியால் சூடு வைத்திருக்கிறார்கள். முன்பு நெல் கொட்டிவைத்த பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அதற்குச் சன்னல் இல்லை. "கத்தினா கூட பரவால்லக்கா. கத்தவே மாட்டேங்குது. அதான் பயமா கீது" என்றார் சரசு. அவர் இப்போது அந்த வீட்டு வேலையை விட்டுவிட்டார். தம் பெயரை எழுதலாம் என்று அவர் சொன்ன பிறகே இங்கு எழுதுகிறேன்.

9. எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். ஆதாரமாக ஆங்கில நாவலையும் கொண்டுபோனேன். அங்கிருந்த எழுத்தர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இதை எழுதிய அம்மாவை வந்து சாட்சி சொல்லச் சொல்லுங்கள் என்றார். அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்றேன். "அப்ப எத வெச்சும்மா கேஸ் போடறது?" என்றார். குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புத்தகத்தையும் திருப்பித் தரவில்லை.

10. நான் புகார் செய்ததை அறிந்து லோகநாதனே என் வீட்டிற்கு வந்தார். மரியாதையாகப் பேசினார். உடைந்த சன்னலுக்குக் கண்ணாடி போட்டுத் தருவதாகவும் சொன்னார். அவர் கேட்டது ஒன்றுதான். "டீச்சரம்மா, கதைய நீங்களே முடிங்க, வாணாங்கல. ஆனா ஓடிப்போனவ வூட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. கெணத்துல வுழட்டும், ரயில்ல வுழட்டும், உங்க இஷ்டம். ஊரே படிக்கணும். அப்பத்தான் பெரியவளுக்கு ஒரு எடம் அமையும்." மூலநாவலில் அவள் சாவதில்லை, அந்த இளைஞனுக்கே மணமுடித்துத் தாய்வீட்டிற்கு வருகிறாள், தாய் மகிழ்ந்து வரவேற்கிறாள் என்றேன். "வெள்ளக்காரன் வூட்டு வழக்கம் நமக்கு இன்னாத்துக்கு?" என்றார். போகும்போது வாசலில் நின்று, "கதையில அவ சாவலன்னா, எம்புள்ளய என்னால புடிச்சி வெக்க முடியாது, சொல்லிட்டேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தத்துடன்தான் சொன்னார்.

11. கடைசி அத்தியாயம் 21.8.1987 வெள்ளியன்று வெளிவர வேண்டும். அதை நான் இன்னும் எழுதவில்லை. கதையில் அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டு ஜெயக்கொடியைக் காப்பாற்றலாமே என்று இதழாசிரியர் கேட்கிறார். தாளில் ஒரு சாவு யாரையும் உறுத்தாது என்கிறார். நானும் இரண்டு இரவுகள் அதை யோசித்தேன். ஆனால் இதுவரை நான் எழுதியவற்றை எல்லாம் அக்குடும்பம் நடந்ததாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. அவள் கிணற்றில் விழுந்தாள் என்று எழுதினால், அதையும் நடத்திக்காட்ட அவர்களிடம் கிணறு இருக்கிறது. எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதை லோகநாதன் சொல்லிவிட்டார். நான் எதை எழுதினாலும் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து.

12. ஆகவே நான் தங்களிடம் கோருவன: குற்றவியல் நடைமுறைச் சட்டம் 97ஆம் பிரிவின்படி சோதனை ஆணை பிறப்பித்து, வெள்ளிக்கிழமைக்கு முன் அந்த அறையைத் திறக்கச் செய்ய வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்திற்கு முன்கூட்டித் தகவல் தர வேண்டாம்; அங்கே சொன்னால் அரை மணி நேரத்தில் அந்த வீட்டிற்குத் தெரிந்துவிடும். பெண் காவலர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் உடன் வர வேண்டும். சுந்தர்சிங்கின் விரலுக்கும் என் பற்களுக்கும் உரிய வழக்கு பிறகு நடக்கட்டும், அதற்கு அவசரமில்லை.

13. ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். ஜெயக்கொடியைத் தந்தையும் அண்ணனும் நிற்கும் இடத்தில் விசாரிக்க வேண்டாம். வீட்டு வாசலைத் தாண்டி, தங்கள் வண்டியில் உட்காரவைத்த பிறகு கேளுங்கள். அவர்கள் எதிரில் கேட்டால், தனக்கு ஒரு குறையும் இல்லை, தானே கதவைச் சாத்திக்கொண்டதாகச் சொல்லக்கூடும். அதை எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டு, தயவுசெய்து அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

மேலே கண்டவை அனைத்தும் நான் நேரில் பார்த்ததும், பார்த்தவர் சொல்லக் கேட்டதும் ஆகும் என்று உறுதிகூறிக் கையொப்பமிடுகிறேன்.

இடம்: செங்கற்பட்டு
நாள்: 17.8.1987

(ஒப்பம்)
சவு. ஜீவரத்தினம்