பர்வாலேது

வியாழக்கிழமை

ஆபீஸ் சீனியர் மகேஷ் சாரின் மாற்றப் பதிவுகளில் கோளாறு வந்தவை எல்லாவற்றிலும் 'பர்வாலேது' என்ற சொல் இருப்பதை இன்று காலைதான் கவனித்தேன். தெலுங்கில் பரவாயில்லை என்று அர்த்தம். சோதித்துப் பார்க்காமல் சிஸ்டத்தில் எதையாவது மாற்றும்போது பதிவில் அப்படித்தான் எழுதி வைப்பார்.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஸ்ரீ சிட்டி ஆபீஸில் என் வேலை அந்தப் பழைய பதிவுகளைப் படிப்பது. மாற்றிய பிறகு கோளாறு வந்ததா என்று பார்த்து 'ஆபத்து' அல்லது 'ஆபத்தில்லை' என்று குறிக்க வேண்டும். அதிலிருந்து கற்றுக்கொண்டு, புதிதாக வரும் மாற்றங்களை ஏஐ மெஷினே எடைபோடும். அது ஆபத்து என்றால் மேனேஜர் அனுமதி இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது.

போன மாதம் அவர் செய்த மாற்றத்தால் ஃபேக்டரி லைன் நின்றது. எதையோ தப்பாக அழுத்தியது நான்தான் என்று என் மேல் பழியைப் போட்டார். எல்லோர் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

இன்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாமே, பத்தாவது பெயிலு, மெஷினுக்கே டீச்சராயிட்டியா? என்னுதெல்லாம் ஆபத்தில்லன்னு போட்டுக்கினே போ. பர்வாலேது."

"சரிங்க சார்" என்றேன்.

அவர் டீ குடிக்கப் போனார். அவருடைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கோளாறு வந்ததற்கெல்லாம் 'ஆபத்து' என்று குறித்தேன். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. இனி அவர் பர்வாலேது என்று எழுதினாலே மெஷின் ஆபத்து என்று நிறுத்தும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேனேஜர் முன்னால் போய் நிற்கட்டும், நான் நின்ற மாதிரி. லைன் நின்ற நாளின் பதிவைக் கடைசியாக வைத்திருந்து குறித்தேன்.

பிறகு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். இந்தத் தடவை நிஜமாகவே நான்தான் அழுத்தினேன்.