முற்றத்துக் கூடாரம்

கட்டுக்கலை, கண்டி
1935 செப்டம்பர் 15, ஞாயிறு

இன்றும் கோயிலுக்குத் தனியேதான் போனேன். "உங்கடை அவருக்குச் சுகமில்லையோ?" என்று போதகரின் மனைவி கேட்டார். சுகம்தான் என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கிறிஸ்து பிறந்த நத்தாரும் உயிர்த்த ஞாயிறும் மனிதர் வைத்த நாள்கள், கடவுள் வைத்தவை யூதருடைய பண்டிகைகள்தான் என்று பிடித்த பிடியில் நிற்கிறார். அரசாங்கக் கச்சேரியில் இருபது வருஷம் கிளாக்கர். எதற்கும் எழுத்தில் அத்தாட்சி வேண்டும். சித்திரையில் பஸ்கா என்று ஏழு நாள் புளித்த மா வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். அப்பம் இல்லை, தோசை இல்லை, பாண் இல்லை. நானும் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். அதெல்லாம் பெரிதில்லை. கோயிலில் உட்காரும் வாங்கில் பக்கத்தில் ஆளில்லாமல் இருப்பதுதான் —

செப்டம்பர் 18

மத்தியானம் சொன்னார்: "இந்த முறை வீட்டிலை நத்தார் இல்லை. நீரும் கோயிலுக்குப் போகக் கூடாது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மகன் அருள் போன பிறகு வருகிற இரண்டாவது நத்தார் இது. பதினேழு வயதுப் பிள்ளை, நத்தாருக்கு அடுத்த கிழமை நெஞ்சுச் சளியில் போனான். அன்றிலிருந்து இவர் அவன் பெயரைச் சொன்னதில்லை. நான் சொன்னால் எழும்பிப் போய்விடுவார். அவனோடு நத்தார்ப் பாட்டு பாடின பிள்ளைகள்தான் என்னைக் கண்டால் அவனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். அதையும் விட்டுவிட்டு நான் எங்கே போவது?

செப்டம்பர் 29

போதகர் வந்தார். நாள்களையும் அமாவாசைகளையும் வைத்து ஒருவரையொருவர் குற்றப்படுத்த வேண்டாம் என்றுதானே அப்போஸ்தலர் எழுதினார் என்றார். இவர் விடவில்லை. "ஆண்டவரே கூடாரப் பண்டிகைக்குப் போனவர்தானே ஐயா? டிசம்பர் இருபத்தைஞ்சு எந்த அதிகாரத்திலை கிடக்கு?"

போதகர் கதிரையை விட்டு எழும்பும்போது சொன்னார்: "நீர் ஆசரிக்கிறது பிழையெண்டு நான் சொல்லேல்லை. மனிசியை மறிக்கிறதுதான் பிழை."

தேத்தண்ணீர் அப்படியே ஆறிக் கிடந்தது.

அக்டோபர் 2

போவதா, விடுவதா?

அக்டோபர் 11

கூடாரம் எழும்பிவிட்டது. ஏழாம் மாதத்துப் பௌர்ணமி பார்க்க, கச்சேரியில் கந்தையரிடம் பஞ்சாங்கம் இரவல் வாங்கினாராம். யூதப் பண்டிகைக்குச் சைவப் பஞ்சாங்கம்! கந்தையர் சிரித்தாராம். முற்றத்தில் நாலு கமுகந் தடி, மேலே தென்னோலை. ஏழு நாளும் சாப்பாடு அதற்குள்தான்.

அக்டோபர் 13

கண்டி மழை வேதத்தைப் பார்த்தா பெய்கிறது? கூடாரத்துக்குள் குடை பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறார். நான் குசினிக்குள் இருந்து தனியே சாப்பிட்டேன். சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

அக்டோபர் 15

பக்கத்து வீட்டு ஸக்கியா, பங்குனியில் குடிவந்தவள், பின்னேரம் தாய் ஆஸியா உம்மாவோடு வந்தாள். கையில் மூடிய சோற்றுச் சட்டி. கண் கலங்கியிருந்தது. "ஆரு மௌத்தான? எங்களுக்கு ஒண்டும் செல்லல்லியே."

முற்றத்தில் பந்தலைக் கண்டு சாவீடு என்று நினைத்துவிட்டார்கள்! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இல்லை, இது ஒரு பண்டிகை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓலைக்குள்ளிருந்து இவர் சொன்னார்:

"என்ரை மகன்."

"எப்ப?"

"ரெண்டு வருஷமாகுது."

ஸக்கியா சிரிக்கவில்லை. சட்டியை வைத்துவிட்டு ஈரப் பாயில் உட்கார்ந்தாள். பெயர் என்ன என்று கேட்டாள்.

"அருள். இருமிக்கொண்டிருந்தவன். போகேல்லை எண்டுதான் சொன்னவன். நத்தார்ப் பாட்டுக்குப் பேர் குடுத்தாப் போகத்தான் வேணுமெண்டு மழைக்குள்ளை அனுப்பினது நான்."

"அழுங்க மகன்," என்றார் ஆஸியா உம்மா. "அழுதா நல்லம்."

அழுதார். நான் குசினி வாசலிலேயே நின்றேன்.

அக்டோபர் 16

எனக்குக் கோபம். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த என்னிடம் சொல்லாததை அயலாருக்குச் சொன்னார். அப்போ நான் ஆர்? நத்தாரில் இவருக்கு இருந்த பகை வேதத்திலிருந்து வரவில்லை என்று எனக்கு ஏன் விளங்காமல் போனது?

அன்று அவன் போகும்போது நானும் வாசலில் நின்றேன். மறிக்கவில்லை. அதை நானும் ஒருவரிடமும் சொல்லவில்லையே.

நவம்பர் 3

அதை இவரிடம் சொன்னேன். எழும்பிப் போகவில்லை. கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 25, புதன்

விடிய எழும்பி, "நான் கோயிலுக்குப் போறன்," என்றேன்.

"அது வேதத்திலை இல்லை."

"இல்லைத்தான்."

மறிக்கவில்லை. வாங்கில் இன்றும் பக்கத்தில் ஆளில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கச்சேரிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கோயில் வாசலை மிதிக்க மாட்டார், அதில் மாற்றமில்லை. "சேமக்காலைக்குப் போவமே?" என்றார். அருளை அடக்கம் பண்ணின பிறகு அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அவர் காலடி வைத்ததில்லை.

மஹியாவைச் சேமக்காலை வரைக்கும் நடந்தோம். பாதி வழியில் கேட்டார்: "என்ன பாட்டுகள் படிச்சவை?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அருள் தனியப் படிக்கிற பாட்டு?"

"அதும்தான்."

இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தோம். பிறகு, "படிச்சுக் காட்டுமன்," என்றார்.

ரோட்டில் சனம் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பாடினேன்.