பத்திரத்தில் இரண்டு பெயர்

மார்ச் 3

சின்னவளின் அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். சின்னவளும் கல்லூரி விடுதியில் சுகம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நகராட்சியில் வீட்டு வரி விதியை மாற்றப் போகிறார்கள். சொந்தக்காரரே குடியிருந்தால் பாதி வரி போதும் என்று இத்தனை வருடம் இருந்தது. இனிமேல் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறதோ, அத்தனை பேரும் அந்த வீட்டில் குடியிருந்தால்தான் பாதியாம். நம் பத்திரத்தில் இரண்டு பெயர், குடியிருப்பது நான் ஒருத்தி. முழு வரி கட்ட என் மருந்துக்கடைச் சம்பளம் தாங்காது. வீட்டை விற்க வேண்டியதுதான்.

தெருவே சேர்ந்து ஆட்சேபனை மனு கொடுக்கிறோம். மார்ச் 31 கடைசி நாள். முன்னின்று செய்பவர் மூன்றாம் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற சர்வேயர். சட்டைப்பையில் எந்நேரமும் டேப் இருப்பதால் தெருவில் அவர் பெயரே டேப்புக்காரர். நேற்று நம் வீட்டை மூலை முடுக்கு விடாமல் அளந்தார். "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க!" என்று அசந்துபோனார். நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். மனுவை அனுப்பட்டுமா?

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 9

வீட்டுக்காரிக்கு,

வரி விஷயம் புரிந்தது. டேப்புக்காரர் விஷயம்தான் புரியவில்லை. மனு எழுத வீட்டு எண் போதாதா? மூலை முடுக்கு என்றால் படுக்கையறையுமா? அங்கே அந்த மனிதருக்கு என்ன வேலை? மனைவி இருக்கிறாரா அவருக்கு?

இருபது வருடம் நானும்தான் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன். ஒருவரும் அசந்துபோகவில்லை.

மனுவை அனுப்பு. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவன் நான்.

சின்னவளின் அப்பா

மார்ச் 13

சின்னவளின் அப்பாவுக்கு,

அடேயப்பா! இரண்டு வருடத்தில் இதுதான் நீங்கள் எழுதிய நீளமான கடிதம். படுக்கையறையையும்தான் அளந்தார், பத்துக்குப் பன்னிரண்டு. மனைவி காலமாகி ஐந்து வருடம். ஆளுக்கு வயது எழுபத்தொன்று, முழங்கால் வலிக்கு என்னிடம்தான் தைலம் வாங்குகிறார். போதுமா விவரம்?

மூல மனுவையே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தொரு வீட்டார் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நகல் செல்லாதாம், மூலத்தைத்தான் வாங்குவார்களாம். வெளியூரில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான், உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்ட கையோடு அனுப்பிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 18

வீட்டுக்காரிக்கு,

மனுவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை.

முதல் பக்கத்தில் பதினேழு திருத்தம், இரண்டாம் பக்கத்தில் இருபத்து மூன்று. சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். அதிலும் அந்த ஆறாவது பத்தி! "பதினோராம் எண் வீட்டை ஒற்றை ஆளாய்க் கட்டிக் காத்துவரும் இப்பெண்மணியின் நிலை கல்லையும் கரைக்கும்." கல் கரைகிறதோ இல்லையோ, எழுதிய மனிதர் நன்றாகவே கரைந்திருக்கிறார். "ஒற்றை ஆளாய்" என்பதை அடித்துவிட்டேன். அவரையே திருத்தி எழுதச் சொல். அப்புறம் பார்க்கலாம்.

சின்னவளின் அப்பா

மார்ச் 22

உங்களுக்குப் புத்தி இருக்கிறதா? அது என்ன அச்சுக்குப் போகிற புரூஃபா? நாற்பத்தொரு வீட்டார் கையெழுத்துப் போட்ட மனு! சிவப்பு மை கையெழுத்துகள் மேலெல்லாம் ஓடியிருக்கிறது. ஏழாம் வீட்டுக்காரரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள்.

உறையைப் பிரித்தபோது டேப்புக்காரரும் இருந்தார். "உங்க வீட்டுக்காரருக்கு எம்மேல என்னம்மா கோவம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு.

கடை விட்டு வந்து, புதிதாக எழுதிய மனுவோடு மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். இன்னும் ஒன்பது நாள்தான். ஆறாவது பத்தி அப்படியேதான் இருக்கிறது. போன மழையில் கூரை ஒழுகியபோது ஏணியில் ஏறியது யார்? தண்ணீர்த் தொட்டி வெடித்தபோது இறைத்துக் கொட்டியது யார்? நான் ஒற்றை ஆள் இல்லை என்று காட்டுங்கள், நானே அடித்துவிடுகிறேன்.

உங்கள் கையெழுத்தை இனிக் கேட்கமாட்டேன்.

மார்ச் 27

அன்புள்ள உனக்கு,

"ஒற்றை ஆளாய்" என்ற அந்த வார்த்தை பொய்யில்லை. உண்மையாக இருந்ததால்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. தெருவில் எல்லாரிடமும் என் சார்பில் மன்னிப்புக் கேள், அவரிடம் முதலில் கேள்.

அவர் மேல் வயிறு எரிந்தது நிஜம். ஆனால் என் பழைய வயிற்றெரிச்சல் அந்த வீட்டின் மேல். அச்சகத்தில் என்னை இங்கே மாற்றியபோது பூட்டிவிட்டு வா என்றேன். "வீட்டை விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாய். செங்கல் சுவரோடு போட்டி போட்டுத் தோற்றவன் நான். ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கினாய் என்று சின்னவள் சொன்னால்கூட இந்த வாடகை அறையில் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வெட்கக்கேடுதான், என்ன செய்வது?

என் பங்கை உனக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியிருக்கிறேன், இத்துடன் இருக்கிறது. பதிவுக்கு நாள் சொல், வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். அப்புறம் பத்திரத்திலும் ஒரு பெயர், வீட்டிலும் ஒரு ஆள். எந்த விதி வந்தாலும் உனக்குப் பாதி வரிதான். நீயும் உன் வீடும் நன்றாக இருங்கள்.

சின்னவளின் அப்பா

ஏப்ரல் 24

சின்னவளின் அப்பாவுக்கு,

முப்பத்தோராம் தேதி அலுவலகத்தை மூடப் பத்து நிமிடம் இருக்கையில் மனுவைக் கொடுத்தோம். போன வாரம் விசாரணை. அதிகாரி ஆறாவது பத்தியைப் படித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் பேரை எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடுமேம்மா?" என்றார். உங்கள் விடுதலைப் பத்திரம் என் கைப்பைக்குள்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் என் கவலை அங்கேயே தீர்ந்திருக்கும்.

"அவர் பேரு இருக்கட்டும்னுதாங்க இவ்வளவு தூரம் வந்திருக்கேன்" என்றேன். தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டேன்.

நேற்று முடிவு வந்தது. சொந்தக்காரர்களில் ஒருவர் குடியிருந்தாலே பாதி வரி போதுமாம்.

வீட்டின் மேல் பொறாமை என்று அன்றே சொல்லியிருக்கக் கூடாதா மனுஷா? இரண்டு வருடமாக இங்கே நான் வெந்துகொண்டிருக்கிறேன், அங்கே உங்களுக்குச் சமைத்துப் போடும் கை யாருடையதோ என்று. சின்னவளிடம் எத்தனை முறை சுற்றி வளைத்துக் கேட்டிருப்பேன்!

அந்த விதி வந்திருந்தால் நீங்கள் வந்திருக்கலாம். ஆனால் வரிக்காக வந்தீர்களா, எனக்காக வந்தீர்களா என்று காலமெல்லாம் கிடந்து குமைந்திருப்பேன். இப்போது நீங்கள் வந்தாலும் அதே வரி, வராவிட்டாலும் அதே வரி.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை, வீட்டில்தான் இருப்பேன். வராவிட்டால் காரணம் எழுத வேண்டாம்.

உங்கள் மனைவி